கேட்பவன் முகம்

டிசம்பர் 2

பருவக் கட்டுரைக்கு மேடம் வைத்திருக்கும் நிபந்தனை இது: ஓர் இலக்கியம், ஒரு திரைப்படம், சாஸ்திரிய இசை. மூன்றையும் ஒரே கேள்வியால் கோக்க வேண்டும். மூன்று மதிப்புரைகளை எழுதி அடுத்தடுத்து வைத்துக்கொண்டு வந்தால் படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சீசன் நேரத்தில் சென்னையில் இருந்துகொண்டு இசையைப் பற்றி எழுதத் தெரியவில்லை என்று சொல்வதற்கும் வழியில்லை.

இரவு அறையில் ‘சிந்து பைரவி’ பார்த்தோம். கூடத் தங்கியிருக்கும் மன்னார்குடிக்காரன் மிருதங்கம் கற்கிறவன். பக்கவாத்தியக்காரர் குடித்துவிட்டு வந்தார் என்பதற்காகப் பாடகர் ஜே.கே.பி. மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்வதில்தான் படம் தொடங்குகிறது. “ஏண்டா, எங்க பொழப்பைக் கெடுக்கிறதுக்குன்னே படம் எடுத்திருக்காங்களா?” என்று கேட்டான். பிறகு சுருண்டு படுத்துக்கொண்டே தொடையில் தாளம் போட்டபடி முழுப்படமும் பார்த்தான்.

டிசம்பர் 4

1985-இல் வந்த இந்தப் படத்துக்காக இளையராஜா, சித்ரா, சுஹாசினி மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘பாடறியேன்’ பாட்டில் போய் நிற்பார்கள். நானும் நின்றேன். கிராமத்து மெட்டில் கிளம்பி, சாரமதியின் ஸ்வரங்களில் ஏறி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேரும் பாட்டு. அந்தக் கீர்த்தனையைக் கச்சேரி மேடையில் காம்போதியில்தான் பாடுவார்கள். இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றினார். சாரமதி ஏறும்போது ஏழு ஸ்வரமும் உள்ள ராகம். இறங்கும்போது பஞ்சமத்தையும் ரிஷபத்தையும் விட்டுவிடும். ‘மோக்ஷமு கலதா’ கேட்டவர்களுக்கு அந்த இறக்கம் உடனே பிடிபடும்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிய பிறகும் கட்டுரை நகரவில்லை. ராகத்தைக் கண்டுபிடிப்பது ஆளை அடையாளம் காட்டுவது போலத்தான். அவர் என்ன பேசினார் என்பது அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

படத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. ஜே.கே.பி.யின் மனைவி பைரவிக்கு இசை ஏறாது. அவர் வாழ்வில் வரும் சிந்துவுக்கு இசையைத் தவிர வேறெதுவும் பொருட்டில்லை. ஒருவனுக்கு இரண்டு பெண்கள் என்று இதைச் சொன்னால் பழைய கதை. ஒரு பாடகனுக்கு இரண்டு காதுகள் என்று பார்த்தால் புதிதாகத் தெரிகிறது. தமிழில் பாடினால் என்ன என்று சிந்து கேட்பதும் ரசிகரின் பக்கத்திலிருந்து எழும் கேள்விதான். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய காலத்துச் சண்டை அது. நாற்பது ஆண்டு கழித்து இயக்குநர் பாலசந்தர் அதை ஒரு பெண்ணின் வாயில் போட்டார்.

டிசம்பர் 8

‘மோகமுள்’ளை மறுபடி எடுத்தேன். ஜானகிராமன் எழுதி, சுதேசமித்திரனில் தொடராக வந்த நாவல். பாபு, யமுனா என்று எல்லோரும் பேசுகிறார்கள். நான் இந்தத் தடவை பாபுவின் குரு ரங்கண்ணா வரும் பக்கங்களை மட்டும் படித்தேன். ஜானகிராமன் ராகத்தை அதிகம் வர்ணிப்பதில்லை. தம்பூராவின் சுருதி ஒரு மனிதனை என்ன செய்கிறது என்று எழுதுகிறார். வடக்கேயிருந்து வந்த மராட்டியப் பாடகர்களைக் கேட்ட பிறகு பாபுவுக்குத் தன் குரல் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. அவன் அங்கே பாடவில்லை, கேட்கிறான். அவன் வாழ்க்கை திசை மாறுவது அந்தக் கேட்பில்தான். இசை தெரிந்தவர் நாவல் எழுதினால் இப்படி இருக்கும். இசையைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவர்கள் ஸ்வரங்களின் பெயர்களை அடுக்குவார்கள்.

1995-இல் ஞான ராஜசேகரன் எடுத்த படத்தையும் பார்த்தேன். நெடுமுடி வேணுவின் ரங்கண்ணா நிற்கிறார். ஆனால் படத்துக்கு யமுனாதான் முக்கியம், தம்பூரா பின்னால் போய்விட்டது. அதைக் குறை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கட்டுரைக்கு அந்தப் படம் உதவாது. நாவல் போதும்.

டிசம்பர் 9

ஒன்றும் எழுதவில்லை. மழை.

டிசம்பர் 13

மயிலாப்பூரில் ஒரு மத்தியானக் கச்சேரி. இளம் பாடகர்களுக்கான நேரம், டிக்கெட் கிடையாது. பாடிய பெண் தோடியை நிதானமாக எடுத்தாள். நான் மேடையைப் பார்க்காமல் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு பிடிக்கும் தலையாட்டினார். சில இடங்களில் பாட்டுக்கு முன்னாலேயே ஆட்டினார். அவருக்குத் தோடி தெரியும் என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போனார்கள். மன்னார்குடிக்காரன் சுவரில் சாய்ந்து நின்றபடி எழுந்துபோகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் கேட்பதற்கும் ஒரு நடிப்பு உண்டு. கட்டுரைக்கு வேண்டிய கேள்வி அங்கே கிடைத்துவிட்டது: இசையைப் பற்றிய ஒரு கதையில் கேட்பவர் யார், அவர் எப்படிக் கேட்கிறார்?

டிசம்பர் 16

கேள்வி கிடைத்ததும் சிலப்பதிகாரம் தானாக வந்து நின்றது. இதுவரை அதன் கானல் வரியைப் பாட்டுகளின் தொகுப்பாகத்தான் வகுப்பில் படித்தோம். இன்று அதைக் கேட்பவர்களின் பக்கத்திலிருந்து படித்தேன்.

புகாரில் இந்திர விழா முடிந்து கடற்கரையில் இருக்கிறார்கள். மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலனிடம் தருகிறாள். பண்ணல் முதல் குறும்போக்கு வரை யாழ் மீட்டும் முறைகள் எட்டையும் இளங்கோ சொல்லிவிடுகிறார். தொழில்நுட்பத்தில் அவர் குறை வைப்பதில்லை. கோவலன் காவிரியைப் பாடுகிறான், கடற்கரைப் பெண் ஒருத்தியைப் பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவி கேட்கிறாள். யாழை வாங்கி, தனக்கும் வேறு குறிப்பு இருப்பது போலப் பாடுகிறாள். அதை அவன் மெய்யென்றே கேட்டு எழுந்து போய்விடுகிறான். மதுரை எரிவது வரைக்கும் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. பாடியதில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு பேரும் மற்றவர் பாட்டைத் தவறாகக் கேட்டார்கள். இளங்கோ ஊழ் என்கிறார். எனக்கு அது ஒரு ரசிகர் பிரச்சினையாகவும் படுகிறது. மேடத்திடம் சொன்னபோது சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கானல் வரிக்கு அடியார்க்குநல்லாரின் உரை கிடைக்காமல் போனது எவ்வளவு பெரிய இழப்பு! அரங்கேற்று காதைக்கு இசையும் கூத்தும் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர், கடற்கரையில் அந்த இருவர் பாடியதைப் பற்றி என்ன சொன்னார் என்பது நமக்கு இல்லை.

டிசம்பர் 19

படத்துக்கு, சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’. 1958. தாராசங்கர் பந்தோபாத்யாயின் சிறுகதை. ‘அபராஜிதோ’ வசூலில் தோற்ற பிறகு, பாட்டும் நடனமும் உள்ள கதை என்றால் ஜனங்கள் வருவார்கள் என்று ராய் கணக்குப் போட்டாராம். வந்த படமோ ஜனரஞ்சகத்துக்கு நேர் எதிர். முர்ஷிதாபாத் பக்கம் நிம்திதாவில் ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு பழைய அரண்மனையில் எடுத்திருக்கிறார். அந்த வீட்டின் ஜமீன்தார் ஒருவரை மனத்தில் வைத்துத்தான் தாராசங்கர் கதையையே எழுதியிருந்தார் என்பது ராய்க்குப் பிறகுதான் தெரிந்ததாம்.

இசை விலாயத் கான். படத்துக்குள் பேகம் அக்தர் பாடுகிறார், ரோஷன் குமாரி கதக் ஆடுகிறார். ஆனால் கதாநாயகன் ஜமீன்தார் பிஸ்வம்பர் ராய்க்கு வேலை பாடுவது அல்ல, கேட்பது. தொடக்கத்திலேயே மொட்டை மாடியில் நாற்காலியில் கிடக்கிறார். தூரத்திலிருந்து ஷெனாய் வருகிறது. யார் வீட்டில் என்று வேலைக்காரனிடம் விசாரிக்கிறார். புதுப்பணக்காரர் கங்கூலி வீட்டு உபநயனம். பாதி வாழ்க்கை போய்விட்டது என்பதை அந்த ஒரு விசாரிப்பில் சத்யஜித் ராய் சொல்லிவிடுகிறார்.

நடுவில் ஒரு கச்சேரி. வெளியே புயல். பாடகர் பாடிக்கொண்டிருக்கிறார், ஜமீன்தார் கோப்பையில் ஒரு பூச்சி விழுந்து தத்தளிப்பதைப் பார்க்கிறார். மேலே சரவிளக்கு ஆடுகிறது. அவர் மனைவியும் மகனும் ஆற்றில் வந்துகொண்டிருக்கிறார்கள். பாட்டு நிற்கவில்லை, அவர் மட்டும் கேட்பதை விட்டுவிட்டார். அந்த முகத்தைச் சாபி பிஸ்வாஸ் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

கடைசிக் கச்சேரியில், ஆட்டம் முடிந்ததும் கங்கூலி பணத்தை எடுத்து நீட்டப் போகிறார். ஜமீன்தாரின் கைத்தடி வளைவு அந்தக் கையைத் தடுக்கிறது. முதல் சன்மானம் வீட்டுக்காரனுடையது. கையிருப்பில் மிச்சமிருந்ததை எல்லாம் கொடுக்கிறார். ரசனையும் திமிரும் அங்கே ஒன்றாக இருக்கின்றன, ராய் இரண்டையும் பிரித்துக் காட்ட முயலவில்லை. சங்கீதம் மனிதனை மேன்மைப்படுத்தும் என்று நம்புகிறவர்கள் இந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும். இங்கே அது ஒரு குடும்பத்தை அழிக்கிறது, அவரும் தெரிந்தே அதற்கு இடம் கொடுக்கிறார்.

டிசம்பர் 27

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். கானல் வரி, ‘ஜல்சாகர்’, நடுவில் மயிலாப்பூர்ச் சபை. ‘மோகமுள்’ ஒரு பக்கம் வருகிறது. ‘சிந்து பைரவி’யை வெட்டிவிட்டேன், சாரமதி பற்றிய இரண்டு பக்கமும் போய்விட்டது, மன்னார்குடிக்காரனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இசையை மையமாக வைத்து நான் பார்த்த படங்களில் ‘ஜல்சாகர்’தான் முதலிடம். வங்காளம் தெரிய வேண்டியதில்லை, சப்டைட்டிலோடு கிடைக்கிறது. பார்க்கும்போது பாடுகிறவரை விட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கிறவரைப் பாருங்கள்.