சாயங்கால அரை மாத்திரை

புற்றுநோய்ச் சீட்டோடு யார் என் மருந்துக் கடைக்கு வந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: "ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?" டெல்லி ஜனக்புரியில் பெரும்பாலும் இந்தியில்தான் கேட்க வேண்டும், 'கூன் பத்லா கர்னே கீ கோலி' என்று. வேறென்ன மருந்து என்று பொதுவாகக் கேட்டால் சர்க்கரை, பிரஷர் என்பார்கள், இது விட்டுப்போகும். பதினைந்து வருஷமாகச் சாயங்காலம் விழுங்குவது அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர், பேரனை டிடிஇஏ தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைப்பக்கம் வரும் ஒரு மாமி. இதயத்தில் உலோக வால்வு. அதற்கு வார்ஃபரின் அல்லது அதன் இனமான அசிட்ரோம்தான். புதிய மருந்தான டாபிகட்ரானை அத்தகையவர்களிடம் சோதித்த ஆய்வைப் பாதியில் நிறுத்தியதாக 2013இல் முடிவு வெளியானது. மாமிக்குக் குடலில் புற்று. அறுவைக்குப் பின் கேப்சிடபைன் என்ற கீமோ, 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டு ஃபைல். இரண்டு சீட்டுக்கும் மருந்து கொடுத்தவன் நான். சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது சுற்றில் ஒரு ஜனவரிக் காலை வந்தார். "பல் தேய்ச்சா நுரை ரோஸா வரதுப்பா." ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினார். முழங்கை வரை கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத்திட்டாக. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அவருக்கு 3ஐ ஒட்டியே நிற்கும், அன்று 7ஐத் தாண்டியிருந்தது. அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன், பிழைத்தார்.

வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டையும் சிதைத்து வெளியேற்றுவதில் கல்லீரலின் 2சி9 நொதிக்குப் பெரும்பங்கு. கேப்சிடபைன் அதை மந்தமாக்குகிறது. ஓர் ஆய்வில், வார்ஃபரினின் வீரியமான பாதிக்கு உடல் ஆட்பட்ட அளவு 57 சதவீதம் கூடியது. ஐஎன்ஆர் உச்சம் 91 சதவீதம் ஏறியது. ஆனால் இது எப்போதும் உடனே தெரிவதில்லை. சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். முதல் வாரப் பரிசோதனை சரியாக இருந்தால் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். டெல்லிக் குளிரில் பாலக்கும் வெந்தயக்கீரையும் தினம் சாப்பிட்டவர், வாய்ப்புண் வந்து கஞ்சிக்கு மாறினால் வைட்டமின் கே குறைந்து ஐஎன்ஆர் இன்னும் ஏறும்.

எனக்கு இதைவிடப் பயம், கீமோ முடியும் நாள். வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். கீமோவின்போது குறைத்துவைத்த அசிட்ரோம் அளவு அப்படியே தொடரும். நொதி மெல்ல விழித்துக்கொள்ளும், ஐஎன்ஆர் சரியும், வால்வில் ரத்தம் கட்டலாம். அதைக் காட்டிக்கொடுக்க ஈறும் கசியாது, தோலும் கன்றாது. அதனால் கேப்சிடபைன் கவரில் தொடங்கும் தேதியோடு முடியும் தேதியையும் எழுதுகிறேன், கீழே, "அதன் பிறகும் ஒரு மாதம், வாராவாரம் ஐஎன்ஆர், இதய டாக்டரிடம் காட்டவும்".

மாமியும் கோர்ஸ் முடிந்தபின் திங்கள்தோறும் ரத்தம் கொடுத்தார். இதய மருத்துவர் கால் கால் மாத்திரையாக ஏற்றினார். ஐந்தாவது வாரம் பழைய அளவுக்கே வந்து நின்றது.