காய்ச்சல் விட்ட அன்று முட்டிய மூச்சு



இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். ஒரு உயிர் போகவிருந்த கதையில் என் தவறும் இருக்கிறது. அடுத்தவர் செய்த அநீதியை எழுத வரும் கைக்கு, தன் தவறை எழுத அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

2017 அக்டோபர். தமிழ்நாட்டில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 23,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானது. அரசுக் கணக்கிலேயே 65 பேர் இறந்தார்கள். திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனியிலும் வீட்டுக்கு ஒருவர் படுத்துக் கிடந்தார்கள். என் அக்கா மகளுக்கும் காய்ச்சல். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள்; ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நான்தான்.

மூன்று நாள் காய்ச்சல் அனலாக அடித்தது. நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. "காய்ச்சல் விட்டுட்டு, இனி பயமில்ல" என்று அக்கா வேலைக்குக் கிளம்பினாள். மத்தியானம் பிள்ளை வயிறு வலிக்குது என்றாள். குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தாள். மறுபடி எடுத்தாள். ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் முடிந்ததும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் விடவில்லை. "காலனிக்காரன்னா ஒரு பாட்டிலோட அனுப்பிருவீங்களா?" என்று சத்தம் போட்டேன். இன்னொன்று போட்டார்கள். ராத்திரிக்குள் இன்னும் இரண்டு. ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு சிறுநீர் போகிறது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. பாட்டில் ஏறினால் வைத்தியம் நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும்போது பிள்ளை படுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். "மாமா, மூச்சு முட்டுது. படுத்தா நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு." பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். 108-க்குப் போன் போட்டுப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் வலது நுரையீரலைச் சுற்றி நீர். எக்ஸ்ரேயில் நுரையீரலுக்குள்ளும் நீர். டிரிப்ஸை நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, சிறுநீர் பிரிய ஊசி போட்டார்கள். "எத்தன பாட்டில் ஏத்துனாங்க?" என்று அந்த இளம் பெண் மருத்துவர் கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். அன்று கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

டெங்கு தீவிரமானால் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகிவிடும். ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, வெளியே கசியும். கசிந்த நீர் வயிற்றிலும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள்ளும் தேங்கும். இது பெரும்பாலும் காய்ச்சல் குறைகிற நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்கும். நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அதே நாளில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் திரவம் போதாமல் போனால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடுவார். அளவுக்கு மீறி ஏற்றினால் அதுவும் கசிந்து நெஞ்சில்தான் போய்ச் சேரும். கசிவு நின்றதும் வெளியே தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பும். அதற்குப் பிறகும் பாட்டில் ஏறிக்கொண்டே இருந்தால் நுரையீரலின் காற்றறைகளே நீரில் நிறைந்துவிடும். எங்கள் பிள்ளைக்குக் கொசு பாதி செய்தது, பாட்டில் மீதி செய்தது. அந்தப் பாட்டிலைச் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஏன் சண்டை போட்டேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். எட்ட நின்று நாக்கைப் பார்த்து, நாடி பிடிக்காமல் மாத்திரை எழுதி அனுப்பிய அனுபவம் எங்கள் அப்பன் பாட்டனுக்கு உண்டு. எங்களைத் தொட்டு வைத்தியம் பார்த்தார்கள் என்பதற்கு ஊசியும் பாட்டிலும்தான் அடையாளமாக இருந்தன. அதனால் பாட்டிலை உரிமையாக நினைத்தோம். கேட்டிருக்க வேண்டிய உரிமை வேறு: ரத்தப் பரிசோதனை, மணிக்கு ஒரு தடவை நாடியும் அழுத்தமும் பார்ப்பது, ஏறுவதையும் இறங்குவதையும் தாளில் எழுதுவது. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கவனம்தான் வேண்டும். சரியான கவனிப்பு இருந்தால் தீவிர டெங்குவில் கூட நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே 2017-இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அவ்வளவு பெரிய அலையிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றை எட்டவில்லை.

எங்கள் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வாசலில் நோட்டீஸ் காத்திருந்தது. டிரம்மில் கொசுப்புழு இருந்ததற்கு, 1939-ஆம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டப்படி அபராதம்!

அந்த டிரம் ஏன் அங்கே இருக்கிறது? ஊருக்குள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும். எங்கள் காலனி குழாயின் கடைசி. எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்காமல் எப்படிப் பிழைப்பது? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை போடுவதில்லை. பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் போடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். எங்களுக்குத் தண்ணீர் வரும் இடைவெளியையும் கொசு வளரும் நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் வளர்த்த கொசு இது? குழாயைத் திறக்கும் கைக்கு நோட்டீஸ் இல்லை. டிரம்மை மூட வழியில்லாத கைக்கு நோட்டீஸ்.

பாபாசாகேப் 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளியபோது, தண்ணீரில் சாதி இருப்பதை நாடே பார்த்தது. குழாய் வந்த பிறகும் சாதி போகவில்லை. எத்தனை நாளைக்கு ஒரு முறை யார் தெருவுக்குத் தண்ணீர் என்ற கணக்கில் அது இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்குச் சில வார்த்தை.

உங்கள் தெருவில் காய்ச்சல் வந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லோரும் தட்டணுக்கள் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் பிசிவி என்று ஒரு எண் இருக்கும், அதையும் கேளுங்கள். முதல் எண்ணை விட அது ஏறிக்கொண்டே போனால் பிளாஸ்மா கசிகிறது என்று பொருள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினும் புரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சாய்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சு முட்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள்.

இதெல்லாம் நாம் செய்ய வேண்டியது. அரசு செய்ய வேண்டியதைக் கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்று எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், மனு மேல் மனு போட்டோம். எட்டு நாள் நான்கு நாளாகக் குறைந்தது. ஊருக்குள் இன்னும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அந்த இரண்டு நாள் பாக்கி இருக்கிறது.

அக்கா மகள் இப்போது நர்சிங் முடித்துவிட்டாள். காலனியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். எவ்வளவு குடித்தார்கள், எத்தனை தடவை சிறுநீர் போனார்கள் என்று எழுதுகிறாள். யாராவது "ஒரு பாட்டில் போட்டா சரியாயிரும்லா?" என்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

நான் தலை குனிந்துகொள்கிறேன்.

ஜெய்பீம்.