கொல்லைப்புற நகரம்

டிஹுவானா என்ற பெயரை முதன்முதலில் ஒரு கண்சிமிட்டலோடு சேர்த்துத்தான் கேட்டேன். சான் டியேகோவில் ஒப்பந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரம். கூட வேலை பார்த்த மதுரைக்கார அண்ணன் சொன்னார்: "தம்பி, ட்ராலில ஏறி உட்கார்ந்தா மெக்சிகோ பார்டர். அந்தப் பக்கம் எல்லாம் கிடைக்கும்." அந்த 'எல்லாம்' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

எனக்கு அந்த இழுப்பு பழகியது. நான் பாகூர்ப் பக்கம் பிறந்தவன், புதுச்சேரிக்காரன். சென்னையில் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவன் முகத்தில் அதே சிரிப்பு வரும். "பாண்டியா மச்சி? வரும்போது ரெண்டு எடுத்துட்டு வா." எங்க ஊர்ல பெரிய ஏரி இருக்கு, சோழர் காலத்துக் கோயில் இருக்கு என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் காதில் வாங்கியதில்லை. அதனாலேயே டிஹுவானாவை நேரில் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை நான்கு பேர் கிளம்பினோம். நீலத் தடத்து ட்ராலியின் கடைசி நிறுத்தம் சான் இசீட்ரோ. அமெரிக்க விசா இருந்தால் இந்தியருக்கு மெக்சிகோவின் விசா தனியாகத் தேவையில்லை. நடந்தே நாடு மாறிவிடலாம். இந்தப் பக்கம் 21 வயதில்தான் குடிக்கலாம், அந்தப் பக்கம் 18 போதும். எங்களுக்கு முன்னால் நடந்த பையன்களைப் பார்த்தாலே அந்த மூன்று வருட வித்தியாசம் தெரிந்தது.

ரெவலூசியோன் அவென்யூதான் சுற்றுலாத் தெரு. அங்கே கழுதைகளுக்கு வரிக்குதிரை மாதிரி கறுப்புக் கோடு போட்டு வண்டியில் பூட்டி நிறுத்தியிருப்பார்கள், படம் எடுத்துக்கொள்ள. கறுப்பு வெள்ளைப் புகைப்படக் காலத்தில் வெள்ளைக் கழுதை படத்தில் சரியாக விழவில்லையாம். அதனால் வரி போட்டார்கள், அதுவே ஊரின் அடையாளமாகிவிட்டது. வந்தவனின் கேமராவுக்காகத் தன் கழுதையின் தோலையே மாற்றிய ஊர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்த ஊரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, மாறியது கழுதை மட்டுமில்லை என்று புரிந்தது.

1848-இல் போர் முடிந்து எல்லைக்கோடு போடப்பட்டபோது அங்கே ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, மாட்டுப் பண்ணை நிலம்தான். 1889-ஐத்தான் ஊர் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறார்கள். அதை வளர்த்தது கலிபோர்னியாவின் ஒழுக்கச் சட்டங்கள். 1909-இல் அங்கே குதிரைப் பந்தயச் சூதாட்டத்துக்குத் தடை வந்தது. 1916-இல் டிஹுவானாவில் பந்தயத் திடல் திறந்தது. நடுவில் 1913-இல் விபசார விடுதிகளை மூடக் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. 1920-இல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. ஒவ்வொரு தடைக்கும் பிறகு அங்கே மூடப்பட்ட தொழில் சில மைல் தெற்கே தள்ளிக் கடை விரித்தது. முதலாளிகளில் பலர் அமெரிக்கர்கள். வாடிக்கையாளர்களும் அமெரிக்கர்கள்தான்.

இதன் உச்சம் 1928-இல் திறந்த அகுவா காலியென்தே. சூதாட்ட விடுதி, வெந்நீர் ஊற்றுக் குளியல், நடன மேடை எல்லாம் சேர்ந்த ஒரு மாளிகை. அமெரிக்க முதலாளிகள் மூவரோடு அதில் தொடர்புடைய இன்னொருவர் அபெலார்தோ ரொத்ரிகஸ். அப்போது அந்தப் பகுதியின் ஆளுநர், பின்னாளில் மெக்சிகோவின் ஜனாதிபதி. ஹாலிவுட் நட்சத்திரங்கள் வாரக் கடைசியில் அங்கேதான் இருந்தார்கள். பின்னாளில் ரீட்டா ஹேவொர்த் என்று உலகம் அறிந்த பெண், சிறுமியாக அப்பாவோடு ஜோடி சேர்ந்து அங்கே ஆடினாள். 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. 1935-இல் ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸ் சூதாட்டத்தைத் தடை செய்தார், விடுதியும் மூடப்பட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்ததும் சான் டியேகோவின் கடற்படை வீரர்கள் தெருவை மறுபடி நிரப்பினார்கள். கெட்ட பெயர் மட்டும் டிஹுவானாவுக்கே வந்தது. உள்ளூர்க்காரர்கள் அதை 'லேயேந்தா நேக்ரா' என்கிறார்கள். கறுப்புக் கதை.

இருட்டியதும் அண்ணன் எங்களை ஸோனா நோர்தேவுக்குக் கூட்டிப் போனார். எல்லைச் சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வடக்குப் பகுதி. கொவாவிலா தெருவில் நியான் விளக்குகள். பக்கத்துச் சந்தில் பெண்கள் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். இங்கே பாலியல் தொழிலை நகராட்சி ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. பெண்கள் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு, அதற்கான அட்டை வைத்திருக்க வேண்டும். பரிசோதனை அவர்களுக்கு மட்டும்தான். எல்லை தாண்டி வருகிற ஆணிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. நிற்பவர்களில் பலர் மெக்சிகோவின் உள்மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். வடக்கே போக நினைத்து வந்து, சுவர் வரைக்கும் வந்து நின்றுபோனவர்களும் உண்டு. பத்து நிமிட நடையில் அமெரிக்கா. நான் அந்தச் சுவரைத் தாண்டி வந்திருந்தேன், சட்டைப்பையில் பாஸ்போர்ட்டோடு.

மற்ற மூவரும் ஒரு பாருக்குள் போனார்கள். நான் தெருமுனை டாகோ கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு டாக்ஸி டிரைவர், ஐம்பது வயதிருக்கும், நல்ல இங்கிலீஷ். எந்த ஊர் என்று கேட்டார், இந்தியா என்றேன். "உள்ள போகலையா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு அவராகவே பேசினார். அவர் மகள் நர்ஸ். சான் டியேகோவில் ஒரு வேலைக்கு நேர்காணல் போயிருக்கிறாள். சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். டிஹுவானா என்றதும் கேட்டவர் சிரித்தாராம். "அவ அன்னிக்கு ராத்திரி என்கிட்ட கேட்டா, அப்பா, அவர் எதுக்குச் சிரிச்சார்னு. நான் என்ன சொல்லட்டும்? இந்தத் தெருவுக்கு அவ ஒருநாள்கூட வந்ததில்ல."

எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லவில்லை. சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவியது. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த எங்கள் ஊருக்கு அந்தச் சட்டம் கிடையாது. எங்கள் பக்கத்தில் முள்ளோடையில் எல்லையை ஒட்டிச் சாராயக் கடைகள் வரிசையாக நிற்பது புதுச்சேரிக்காரன் பெருங்குடிகாரன் என்பதால் இல்லை. கடலூர்ப் பக்கமிருந்து வருகிறவன் இறங்கியதும் கண்ணில் பட வேண்டும் என்பதால்தான். வாங்குகிறவன் பாட்டிலோடு போய்விடுகிறான். குடித்துவிட்டுச் சாலையோரம் விழுந்து கிடப்பவனைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவது எங்கள் பிள்ளைகள்.

பழைய வீடுகளில் திண்ணையைக் கழுவிக் கோலம் போட்டு, அழுக்குத் தண்ணீரைக் கொல்லைப்புறத்துக்கு விடுவார்கள். அதற்காகக் கொல்லைதான் அழுக்கு என்று வீட்டுக்காரன் சொல்ல முடியுமா? டிஹுவானாவின் இரவு கலிபோர்னியாவின் இரவும்தான். கோடு மட்டும் நடுவில் விழுந்துவிட்டது.

இதில் உள்ளூர்க்காரருக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ரொத்ரிகஸ் உள்ளூர் அதிகாரம்தான். முள்ளோடைக் கடைகளின் வருமானத்தை எங்கள் அரசும் வாங்கிக்கொள்கிறது. சந்தில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு பக்க அரசும் சொந்தமில்லை. ஆனால் விற்கிற ஊரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வாங்குகிற ஊரின் பெயரைச் சொல்லி யாரும் கண்சிமிட்டுவதில்லை.

நள்ளிரவுக்கு மேல் திரும்பினோம். உள்ளே வர ஆன நேரம் சில நிமிடம், வெளியேற ஒன்றரை மணி நேர வரிசை. அமெரிக்கப் பையன்கள் பலர் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். அவர்களுக்கு நடுவில் மதிய உணவு டப்பாவோடு சில மெக்சிகோப் பெண்கள். அதிகாலை ஷிப்டுக்கு அந்தப் பக்கம் துடைக்கவும் சமைக்கவும் போகிறவர்கள்.

அடுத்த மாதம் தனியாகப் போனேன், பகலில். அகுவா காலியென்தே இருந்த இடத்தைப் பார்க்க. சூதாட்டத்தை ஒழித்த கையோடு கார்தெனாஸ் அதைப் பள்ளிக்கூடமாக்கிவிட்டார். இன்றைக்கும் அங்கே அவர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. பழைய மாளிகையில் மிச்சம், மசூதிக் கோபுரம் போலக் கட்டிய ஒரு புகைபோக்கி. அதன் நிழலில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து ஒருத்தியின் நோட்டைப் பார்த்து அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப்பாடமாக இருக்கும்.