நறுக்கி நட்ட அருகு

‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி வாழுங்கள்’ என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த அருகு விளைநிலத்தில் வேரோடினால் என்ன ஆகும் என்பதை, திண்டுக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் தோட்டத்தை நம்பியிருக்கும் ஒரு குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் வாய்க்கால் ஓரம் ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் இருந்தது. கடலை விதைக்கும் முன் மகன் ரோட்டவேட்டர் ஓட்டினார். மண் மாவானது, புல் இருந்த இடமே தெரியவில்லை. ஈரம் பட்டதும் கடலையோடு அருகும் முளைத்தது. அடுத்த போகத்துக்கு இரண்டு முறை ஓட்டினார். மூன்றாம் ஆண்டு தோட்டம் முழுக்கப் பச்சைப் பாய் விரித்ததுபோல் ஆனது. களைவெட்டுக் கூலிக்காக மனைவியின் தோடு அடகுக்குப் போனது. பறித்தபோது செடிக்கு நாலைந்து காய்தான்.

அன்று அவருடைய தாயார் மண்ணிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லை. மூன்று கணு, மூன்றிலும் முளை.

“கரும்புக் கரணை மாதிரிதானப்பா இதுவும். நறுக்கி நறுக்கி நீயேதான் நட்டிருக்கே. கோடை முழுக்க நிலத்தைக் காயப்போடு.”

“கடனை எப்படிம்மா கட்டுறது?”

“ஒரு போகம் போனா போகட்டும். நிலம் போச்சுன்னா?”

கோடைப் பயிரை விட்டுவிட்டார்கள். பங்குனியில் தண்ணீரை நிறுத்தி, மண் காய்ந்ததும் ஐந்து கலப்பையால் உழுது, கட்டிகளை உடைக்காமல் வெயிலில் விட்டார்கள். அருகின் தண்டுகள் பெரும்பாலும் மேல் அரையடி மண்ணில்தான் ஓடும். புரண்டு மேலே வந்து நன்றாகக் காய்ந்தால் கணு செத்துவிடும். பதினைந்து நாள் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக மூன்று உழவு. பொறுக்கிய கொடிகளை எருக்குழியில் போடவில்லை. உயிரோடு இருப்பவை எருவோடு வயலுக்கே திரும்பிவிடும். காயவைத்துக் கொளுத்தினார்கள்.

கோடை மழைக்குத் தப்பியவை துளிர்த்தன. வளர்ந்து தண்டுக்குச் சத்துச் சேர்க்கும் முன்பே இன்னோர் உழவு. அருகுக்கு நிழல் ஆகாது. அதனால் வைகாசியில் சணப்பை நெருக்கி விதைத்து, பூவெடுத்ததும் மடக்கி உழுதார்கள். அதன்பிறகுதான் கடலை.

அருகு அடியோடு ஒழியவில்லை. வரப்பிலிருந்து உள்ளே நீளும் கொடியைத் தாயார் சாயங்காலம் களைக்கொத்தோடு போய் எடுத்து மாட்டுக்குப் போடுகிறார். வாடகை டிராக்டர் வந்தால், கலப்பையில் சுற்றியிருக்கும் கொடியை வண்டிப் பாதையிலேயே அகற்றிய பிறகுதான் மகன் உள்ளே விடுகிறார்.

இந்த முறை கடலைக்கு ஒரே களைவெட்டு போதுமானதாக இருந்தது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. கடலை விற்றதும் முதல் வேலை அதை மீட்பதுதான்.