மேல் கட்டில்

எங்க ஹாஸ்டல் ரூம் 14-க்கு 10 அடி. ரெண்டு இரும்புக் கட்டில், ரெண்டு மேசை, ரெண்டு பேர். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சாமான்களும் உள்ளே வந்தபிறகு கால் வைக்க இடமில்லை. மெஸ்ஸுக்குப் பின்னாடி பழைய டபுள் டெக்கர் கட்டில் ஒன்று சும்மா கிடந்தது. "வேணும்னா எடுத்துக்கோங்க, யோசிச்சுப் பண்ணுங்க" என்றார் வார்டன்.

யோசிக்கிறதுன்னா நமக்கு டேப் எடுத்து அளக்கிறதுதானே? கூரை 9 அடி உயரம். ஃபேன் இறக்கை 8 அடியில் சுத்துது. மேல் கட்டில் மெத்தையோடு 5 அடி. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை ஃபேன் மட்டத்துக்கு வந்துடும். பக்கச் சுவரோரம் போட்டால் கட்டில் விளிம்பும் இறக்கை நுனியும் ஒரே கோட்டில் (48 இன்ச் ஃபேன், நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க). சோம்பல் முறிச்சா கை போச்சு. ஜன்னல் சுவரோரம் போட்டால் 2 அடி தள்ளி இருக்கும். சரி, அங்கேதான்.

மேலே யார்? டாஸ் போட்டோம். அவனுக்கு விழுந்தது. "எனக்கு வேணாம்டா" என்றான். உயரம்னா பயமான்னு அன்னைக்கு முழுக்க ஓட்டினேன்.

ராத்திரி மொட்டைமாடியில் சொன்னான். ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து வலிப்பு. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கு. கடைசியா வந்தது ப்ளஸ் டூ லீவில். மேல் கட்டில், மேல் பெர்த் ரெண்டுமே வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். தூக்கம் கெட்டாலும் வரலாமாம். எக்ஸாம் சமயத்தில்கூட பத்தரைக்கே படுத்துடுவான்னு அவனுக்கு நாங்க வைத்த பெயர் தாத்தா. அவன் தினமும் போடுற மாத்திரையை வைட்டமின்னு மூணு வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். கேட்டதே இல்லை. (அவன் படிச்சுப் பார்த்து ஓகே சொன்னதாலதான் இதெல்லாம் எழுதுறேன்.)

"அப்ப நான் மேல போறேன்."

"நீ மேல தூங்கிட்டிருந்தா, எனக்கு ஏதாவது ஆனா தெரியுமா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கட்டிலே வேண்டாம்னுதான் தோணுச்சு. ஆனா அவன் விடலை. அவனுக்கும் அந்த இடம் தேவை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தான். கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்காதே. வாயில் எதையும் வைக்காதே. அழுத்திப் பிடிக்காதே. பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்து, ஒருக்களிச்சுப் படுக்க வை, மணி பாரு. 5 நிமிஷம் தாண்டினா 108-க்கு அடி. எனக்கு சினிமா பார்த்துத் தெரிஞ்சிருந்தது அந்த இரும்புச் சாவி ஒண்ணுதான்.

ரெண்டு நாள் கழிச்சு கட்டிலைப் போட்டோம். கீழே இருக்கிற கம்பிகளுக்குப் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டினோம். எங்களுடையது கடைசி மாடி. மேலே படுக்கிறது தோசைக்கல்லில் படுக்கிற மாதிரிதான். முதல் வாரம் கீழே லேசா கிறீச்னு சத்தம் வந்தாலே எட்டிப் பார்ப்பேன். நாலாவது நாள் ராத்திரி 2 மணிக்கு அப்படித்தான் எட்டிப் பார்த்தேன்.

"தாத்தா நல்லாத்தான் இருக்கேன்டா, நீ தூங்கு."