இரண்டாவது சிலிண்டர்

வீட்டில் இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒன்று அடுப்போடு இருக்கும். மற்றொன்று சமையலறை மூலையில் காவல் இருக்கும். முதலாவது தீர்ந்துபோனால் பாதி வெந்த சாதமே நமக்குச் செய்தி சொல்லிவிடும். இரண்டாவதை மாட்டிய கையோடு அடுத்ததற்குப் பதிவு செய்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அந்த வீட்டு வண்டிக்கு ஏர்க்கால் இருக்குமிடத்தில் இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் ஜோடி மாடு மாதிரி நிற்கும். நான் பிரயாணம் செய்த வண்டியில் ஒவ்வொன்றும் 30 பவுண்டு வாயு பிடிக்கும். ஏறக்குறைய நம் 14.2 கிலோ சிலிண்டர் அளவுதான். நடுவில் இருக்கும் ரெகுலேட்டர்தான் விசேஷம். ஒரு சிலிண்டர் காலியானால், யாரையும் கேட்காமல் மற்றதிலிருந்து வாயுவை எடுத்துக்கொள்ளும். அடுப்புச் சுடர் ஒரு தரம்கூடக் கண் சிமிட்டாது. ரெகுலேட்டரில் உள்ள சின்னக் கண்ணாடியில் பச்சை போய்ச் சிவப்பு தெரியும், அவ்வளவுதான். அதையும் வெளியே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அப்படியொரு வண்டியில்தான் என் தங்கை மகன் என்னை யெல்லோஸ்டோனுக்கு அழைத்துப் போனான். சுமார் 2400 மீட்டர் உயரமுள்ள பீடபூமி. கோடையிலும் சில இரவுகளில் தண்ணீர் உறைந்துவிடும். புரொப்பேனுக்கு இந்தக் குளிரெல்லாம் லட்சியமில்லை. மைனஸ் 42 டிகிரி வரை அது வாயுவாகிக்கொண்டே இருக்கும். கைக்குழந்தையோடு படுத்திருக்கிற மனிதர்களுக்குத்தான் கணப்பு வேண்டும்.

மருமான் இரண்டு வால்வையும் திறந்து வைக்கிற கட்சி.

"அதுக்குத்தானே மாமா இந்த ரெகுலேட்டர்! நடுராத்திரியிலே எழுந்து போக வேண்டாமே."

அவன் மனைவி சத்தமில்லாமல் போய் இரண்டாவதை மூடிவிட்டு வருவாள். முதலாவது தீர்ந்தால் கணப்பு நிற்கட்டும், கொஞ்சம் குளிரட்டும், அப்போதுதான் கையிருப்பு ஒன்றே ஒன்று என்பது தெரியும் என்பாள். இரண்டும் திறந்திருந்தால் முதலாவது தீர்ந்ததே தெரியாமல் இரண்டாவதும் தீர்ந்துபோகும்; அந்த இரவில் எழுந்து போயும் பிரயோசனமில்லை. நான் அவள் பக்கம். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும், வெடுக்கென்று திருகினால் எங்கோ குழாய் அறுந்துவிட்டதாக எண்ணிக் காப்பு வால்வு வாயுவை மறித்துவிடும் என்று காட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கணப்பு நின்றது. குழந்தை சிணுங்கிற்று. மருமான் முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சோடு வெளியே போனான். பொழுது விடிந்ததும் காலிச் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்தான். முழுக்க அல்ல, 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். வெயிலில் விரிந்து கொடுக்க மீதி இடம்.