குறைக்கோபுரமும் நிறைபணியும்

சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர் செல்லும் பெருவழியில், கோதண்டராமர் திருக்கோயிலால் பெயர் விளங்கும் அயோத்தியாப்பட்டணத்தில் சிவநேயச் செல்வராகிய முதியவர் ஒருவர் உளர். பன்னிரு திருமுறைகளையும் தம் மனைக்கண் சிறார்க்கு முற்ற ஓதுவித்தல் வேண்டுமென்பது அவர் மேற்கொண்ட விரதம். ஐந்து திருமுறைகள் நிறைவெய்தி ஆறாவது நடைபெறுங்கால் அவர்தம் கண்ணொளி மங்கிற்று. ஏடு பார்த்தல் இயலாமையின் ஓதுவித்தலும் நின்றது.

அன்பர் சிலர் பூசலார் நாயனார் வரலாற்றை எடுத்துக்கூறித் தேற்றினர். அவரோ, “பூசலார் மனத்தாலேனும் கோயிலை முடித்துக் குடமுழுக்குக்கு நாளுங் குறித்தார். யான் எதனை முடித்தேன்? குறைப்பணியை எம்பெருமான் ஏற்பானோ?” என்று வருந்துவாராயினர்.

அவர் பேரன் சேலம் ஜில்லாவின் பழைய படங்களைத் தேடுபவன். சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார், 1858-இல் இராயக்கோட்டை முதலிய சேலம் ஜில்லா இடங்களைப் படமெடுத்து ஒரு தொகுதியாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மதுரைப் படங்களையும் வெளியிட்டார். முன்னதைத் தேடிய பேரன் பின்னதையுங் கண்டு, அதனுள் ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பாட்டனார் கையிற் கொடுத்தான்.

கல்தூண் ஒன்றன் அடிப்பகுதி மாத்திரமே அப்படத்தில் உள்ளது. முதியவர் அதனைச் சாளரத்தருகே பிடித்து நெடுநேரம் நோக்கினார். “எவ்வளவு நிறைவான வேலை! எக்கோயில் வாயில் இது?” என்றார்.

“மதுரை இராயகோபுரம், தாத்தா. மேலே கோபுரம் எழும்பவே இல்லை” என்றான் பேரன்.

முதியவர் வாளா இருந்தார்.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், சொக்கலிங்கப்பெருமான் திருக்கோயிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்துக்கு அப்பால் எடுத்த கோபுரம் அது. முடிந்திருப்பின் ஏனைக் கோபுரங்களை விஞ்சியிருக்கும் அளவினது. ஐம்பதடிக்குக் குறையாத ஒற்றைக் கருங்கற்கள் அதன் வாயில்நிலைகளாய் இன்றும் நிற்கின்றன. கொடிக்கருக்கு வேலைப்பாடு அவற்றை அணிசெய்கின்றது. நிலைகளுக்கு மேல் வானமே உளது.

ஆயினும் அப்படத்தைக் காண்பார்க்குக் குறை யாதொன்றுந் தோன்றாது. அடியைச் செதுக்கிய சிற்பி, முடி எழுமோ எழாதோ என்று எண்ணி உளியைத் தளர்த்தினான் அல்லன். தன் கைக்கு வந்த கல்லளவில் அவன் பணி முற்றியது. கோபுரம் குறையுற்றது, அவன் தொண்டு குறையுற்றதன்று.

வினையும், வினைசெய்வோனும், அதன் பயனும், அப்பயனைக் கூட்டுவிக்கும் இறைவனும் என நான்கினையும் வகுத்துணர்வது சைவ நன்னெறி. உயிர்க்கு உரியது செய்தலே. கூட்டுவித்தல் முதல்வன் செயல். முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பி, அது கைகூடாவழி வருந்துவதும், “யான் முடித்தேன்” என்று தருக்குவதும் ஆணவத்தின் இருமுகங்களே. முதியவர் இத்தனை நாள் வருந்தியது திருமுறைக்காகவோ, தம் விரதத்துக்காகவோ?

மறுநாள் மாலை சிறார் மீண்டும் அழைக்கப்பட்டனர். ஏடு அவர்கள் கையில் இருந்தது. முதியவர் நெஞ்சில் நின்ற திருத்தாண்டகத்தை ஓதினார். சொல் மறந்தவழிச் சிறுமியொருத்தி ஏடு பார்த்து எடுத்துக்கொடுத்தாள். எத்தனை திருமுறைகள் எஞ்சியுள்ளன என்பதை அன்று அவர் எண்ணவில்லை.

திருச்சிற்றம்பலம்.